வரைபடத்துக்கும் தேதி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம் ஊர் நாளிதழ்கள் எல்லாவற்றிலும் தமிழ்நாட்டு வரைபடம் ஒன்று அநேகமாகத் தினமும் வந்துவிடுகிறது, சில மாவட்டங்களுக்குச் சிவப்பு, சிலவற்றுக்கு ஆரஞ்சு, மிச்சத்துக்கு மஞ்சள் என்று. தேர்தல் வந்தால் இன்னொரு படம், டெங்கு வந்தால் வேறொன்று, பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்துக்கு ஒன்று. உங்கள் நாளிதழிலும் வருகிறது. வரட்டும், அரைப் பக்கம் எழுதியும் புரிய வைக்க முடியாததை ஒரு படம் சொல்லிவிடும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் செய்தி என்றால் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று நிருபரைக் குடைந்தெடுக்கிற நீங்கள், வரைபடத்தை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே விட்டுவிடுகிறீர்கள். எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு எல்லை, எந்த ஆண்டு எண்கள், யார் வரைந்தது, எதுவும் இருப்பதில்லை. பழைய புகைப்படத்துக்குக்கூட "கோப்புப் படம்" என்று ஒரு வார்த்தை போடுகிறீர்கள், வரைபடத்துக்கு அதுவும் இல்லை. இதைப் பற்றித்தான் எழுத வந்தேன், கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டிப் போட்டாலும் சரி.

நான் ஜிஐஎஸ் வேலை செய்கிறவன். புவியியல் தகவல் முறைமை என்று பாடப் புத்தகத்தில் இருக்கும், தொழிலில் இருப்பவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஜிஐஎஸ்தான். உள்ளாட்சி அமைப்புகளுக்குக் குடிநீர்க் குழாய், வார்டு எல்லை, ஏரி, வாய்க்கால், தெருவிளக்கு என்று அடுக்கு அடுக்காக வரைபடம் தயாரித்துக் கொடுப்பது என் பிழைப்பு. இதில் பெரிய மர்மம் எதுவும் கிடையாது. ஒரு அட்டவணை இருக்கிறது, அதில் ஒவ்வொரு வரியும் ஒரு பொருள்: ஒரு போர்வெல், ஒரு தெரு, ஒரு ஏரி. போர்வெல் என்றால் ஒரு புள்ளி, தெரு என்றால் கோடு, ஏரி என்றால் மூடிய எல்லை கொண்ட பரப்பு. அந்தப் புள்ளியும் கோடும் பரப்பும் பூமியில் எங்கே என்பது அட்சரேகை, தீர்க்கரேகையாகக் கூடவே பதிவாகியிருக்கும். செயற்கைக்கோள் படம், நில உயரம் போன்றவை மட்டும் வேறு மாதிரி, சின்னச் சின்னக் கட்டங்களாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண். இவ்வளவுதான் சரக்கு. இதன் சக்தி எங்கே இருக்கிறது என்றால், யாரோ ஒரு துறை தயாரித்த ஏரி எல்லையையும், இன்னொரு துறை தயாரித்த சாலையையும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, எந்தச் சாலை எந்த ஏரிக்குள் எத்தனை மீட்டர் போகிறது என்று கேட்டால் பதில் வரும். 1960களில் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் நாடு முழுவதற்குமான நிலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புக்காக முதல் முறைமையை உருவாக்கியதும் இப்படிக் கேள்வி கேட்கத்தான், அழகான படம் போடுவதற்காக இல்லை.

சரி, உங்கள் மாவட்டப் படத்துக்கு வருகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். 2019இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஐந்தும் வந்தன, 2020 கடைசியில் மயிலாடுதுறை வந்தது, ஆக 38. இப்போது ஒருவர் 2011 எண்களை எடுத்து 38 மாவட்டப் படத்தில் நிறம் அடிக்கிறார் என்றால் ஆறு மாவட்டங்களுக்கு எண்ணே இருக்காது. அவற்றை வெள்ளையாக விட்டால்கூடப் பரவாயில்லை, வாசகர் ஏன் என்று கேட்பார். பெரும்பாலும் நடப்பது வேறு: பிரிவதற்கு முந்தைய விழுப்புரத்தின் எண்ணை இன்றைய விழுப்புரத்துக்குப் போட்டு, அதே எண்ணைக் கள்ளக்குறிச்சிக்கும் போட்டுவிடுகிறார்கள். வேலூரை மூன்று துண்டாக்கி மூன்றுக்கும் பழைய வேலூரின் எண். படத்தைப் பார்க்கிறவருக்கு இது தெரிய வழியே கிடையாது.

சென்னையை எடுத்துக்கொண்டால் இன்னும் மோசம். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டம் சுமார் 175 சதுர கிலோமீட்டர், மக்கள் 46 லட்சத்துக்கு மேல், ஆக அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 26,000ஐத் தாண்டியது. 2018இல் மாவட்ட எல்லையை மாநகராட்சி எல்லை அளவுக்கு விரித்து 426 சதுர கிலோமீட்டர் ஆக்கினார்கள். பழைய மக்கள்தொகையைப் புதிய பரப்பால் வகுக்கும் மென்பொருள் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் 11,000க்கும் குறைவாக ஒரு விடை கொடுக்கும், படத்தில் சென்னையின் நிறம் வெளிறிவிடும். மேலே ஒருவர் எண்ணை மட்டும் கொடுக்கிறார், கீழே ஒருவர் எல்லையை மட்டும் கொடுக்கிறார், இரண்டுக்கும் ஆண்டு ஒன்றுதானா என்று நடுவில் யாரும் பார்ப்பதில்லை. எண்ணுக்கு ஒரு தேதி, எல்லைக்கு ஒரு தேதி, இரண்டும் படத்தின் கீழே இருக்க வேண்டும் என்று நான் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இதோடு சேர்ந்த இன்னொரு வழக்கம், மொத்த எண்ணிக்கையை அப்படியே நிறமாக்குவது. உதாரணத்துக்கு நீலகிரியில் நூறு பேருக்கு டெங்கு, சென்னையில் முந்நூறு பேருக்கு என்று வைத்துக்கொள்வோம். சென்னை அடர் சிவப்பு, நீலகிரி இளம் மஞ்சள். ஆனால் 2011 கணக்குப்படி நீலகிரியில் இருப்பவர்கள் ஏழே கால் லட்சம் சொச்சம் பேர், ஆக லட்சத்துக்கு 13 பேருக்கு மேல். சென்னையில் ஏழுகூட வராது. உண்மையில் கவலைப்பட வேண்டிய மாவட்டம் படத்தில் வெளிறிப் போய் உட்கார்ந்திருக்கும். மக்கள் எங்கே அதிகம் இருக்கிறார்களோ அங்கே எல்லாமே அதிகம்தான், நோயாளிகளும் அதிகம், வாகனங்களும் அதிகம், உங்கள் சந்தாதாரர்களும் அதிகம். எத்தனை பேருக்கு எத்தனை என்று வகுக்காமல் நிறம் அடித்தால், என்ன தலைப்பு போட்டாலும் அடியில் இருப்பது மக்கள்தொகைப் படம்தான். எண்ணிக்கையையே காட்ட வேண்டும் என்றால் வட்டம் போடலாம், பெரிய எண்ணுக்குப் பெரிய வட்டம். மாவட்டத்தை முழுசாக நிறத்தால் நிரப்புவது விகிதங்களுக்கு மட்டும்.

பெயர் விஷயம் இருக்கிறதே, அது தனிக் கதை. எண்கள் ஒரு கோப்பில், எல்லைகள் ஒரு கோப்பில், இரண்டையும் இணைக்க மாவட்டப் பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு கோப்பில் ஆங்கிலத்தில் "டூட்டிகோரின்", இன்னொன்றில் "தூத்துக்குடி". காஞ்சிபுரத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டல், திருவள்ளூருக்கு எச் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று. கணினிக்கு இவை எல்லாம் வெவ்வேறு ஊர்கள். 2020 ஜூனில் அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை போட்டது, விமர்சனம் வந்ததும் சில நாளிலேயே திரும்பப் பெற்றது நினைவிருக்கும். அந்தச் சில நாளில் எங்களைப் போன்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது வேறு விஷயம். கிராம அளவுக்கு இறங்கினால் பெயரை நம்பவே முடியாது, ஒரே மாவட்டத்தில் புதுப்பட்டிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இதற்காகத்தான் கணக்கெடுப்புத் துறை ஒவ்வொரு கிராமத்துக்கும் குறியீட்டு எண் கொடுத்திருக்கிறது, மத்திய அரசின் உள்ளாட்சி அடைவிலும் எண் இருக்கிறது. அந்த எண்ணால் இணைத்தால் பாதித் தலைவலி போய்விடும். அரசுத் துறைகள் நிருபருக்கு அட்டவணை கொடுக்கும்போது அந்த எண் உள்ள பத்தியை அழகு கருதி நீக்கிவிடுகிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

இந்திய எல்லையைத் தவறாக அச்சடித்தால் சட்டப்படி குற்றம் என்பதால் வடக்கே காஷ்மீர்ப் பகுதியை ஆசிரியர் குழுவில் யாராவது ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிடுகிறார். அந்தக் கவனத்தில் கால் பங்கு மாநிலத்துக்குள் இருக்கும் கோடுகளுக்கும் கிடைத்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்து ஆயத்தொலைவு எண்கள். விபத்து, நிலநடுக்கம், புயல் கண் என்று அட்சரேகை தீர்க்கரேகையைச் செய்தியிலேயே போடும் பழக்கம் வந்திருக்கிறது, நல்லது. ஆனால் சென்னைக்கு 13.08, 80.27 என்று இரண்டு தசம இடத்தோடு நிறுத்தினால் அது ஒரு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலான துல்லியம்தான், தெருவைக் காட்டாது. ஐந்து தசம இடம் என்றால் ஒரு மீட்டர் அளவு. அதற்கு மேல் ஏழு, எட்டு இடம் போடுவதும் அர்த்தமில்லை, கையில் இருக்கும் செல்போன் திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர் அளவுக்கு முன்னே பின்னே காட்டும் கருவி. (அந்தச் செல்போனை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரோடு வேலிச் சண்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், அதற்குச் சர்வேயர் இருக்கிறார்.) எந்த எண் முதலில் என்பதும் குழப்பம்தான். பேசும்போது அட்சரேகை முதலில் வரும், ஜியோஜேசன் போன்ற கோப்பு முறையில் தீர்க்கரேகை முதலில் வரும். சென்னையின் இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போட்டால் புள்ளி போய் விழும் இடம் நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடல். இப்படி நேரும்போது தப்பு உடனே தெரிந்துவிடும், ஆபத்து குறைவு. ஆபத்தானது இருநூறு மீட்டர் தப்பு.

இருநூறு மீட்டர் எங்கிருந்து வருகிறது என்றால், அதற்கு நம் ஊரிலேயே வரலாறு இருக்கிறது. 1802இல் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு அடிப்படைக் கோடு ஒன்றைச் சங்கிலி வைத்து அளந்தார், அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளந்துகொண்டு போன பெரும் திரிகோண அளவைப் பணி தொடங்கியது. கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி கோபுரத்தில் மோதி நசுங்கியது, அதை அவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே தட்டிச் சரிசெய்தார். அவருக்குப் பின் பொறுப்புக்கு வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் பூமியின் வடிவத்துக்கு ஒரு கணக்கு வைத்தார், இந்திய நிலப்பரப்புக்கு நன்றாகப் பொருந்தும்படி. நம் பழைய நில அளவைத் தாள்கள் எல்லாம் அந்த எவரெஸ்ட் கணக்கில் வரைந்தவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு கணக்கு, உலகம் முழுவதற்கும் பொதுவானது. ஒரே இடம், இரண்டு கணக்கில் இரண்டு விதமான அட்சரேகை தீர்க்கரேகை. தமிழ்நாட்டுப் பக்கம் இந்த வித்தியாசம் நூறு மீட்டரைத் தாராளமாகத் தாண்டும். பழைய தாளை ஸ்கேன் செய்து, மாற்றாமல் அப்படியே செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்தால் ஏரி நகர்ந்துவிடும், அதன் கரையில் இருந்த வீடு தண்ணீருக்குள் போகும், தண்ணீருக்குள் கட்டிய கட்டடம் கரைக்கு வந்துவிடும். 2005 தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கென்று வெளியிடும் தாள்களை இந்திய நில அளவைத் துறை டபிள்யூஜிஎஸ் 84க்கு மாற்றிவிட்டது. ஆனாலும் பழைய தாள்கள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன, வழக்குகளில்கூட.

உருண்டையான பூமியைத் தட்டையாக்கும் சங்கதி அடுத்தது. டிகிரியில் பரப்பளவு அளக்க முடியாது, மீட்டருக்கு மாற்ற வேண்டும். அதற்கு உலகத்தை ஆறு டிகிரி அகலமுள்ள 60 பட்டைகளாகப் பிரித்த யுடிஎம் முறையைத்தான் அதிகம் பயன்படுத்துகிறோம். நம் துரதிர்ஷ்டம், 43, 44 ஆகிய இரண்டு பட்டைகள் சந்திக்கும் 78 டிகிரி தீர்க்கரேகை திண்டுக்கல் நகரை ஒட்டிப் போகிறது. கோயம்புத்தூர் ஒரு பட்டை, மதுரை இன்னொரு பட்டை. ஒரே திண்டுக்கல் மாவட்டத்தில் கொடைக்கானல் இந்தப் பக்கம், நத்தம் அந்தப் பக்கம். எந்தப் பட்டை என்று எழுதாமல் எண்களை மட்டும் அனுப்பும் கோப்புகள் எங்களுக்கு வந்துகொண்டே இருக்கும். இணையத்தில் நாம் எல்லோரும் பார்க்கும் வரைபடங்களோ வெப் மெர்கேட்டர் என்ற முறையில் இருக்கின்றன, வேகமாக வரைய வசதியானது, அளக்க உதவாது. அந்த முறையில் அப்படியே பரப்பு கணக்கிட்டால் சென்னையில் இருக்கும் ஏரி ஐந்து விழுக்காடு கூடுதலாகத் தெரியும், கன்னியாகுமரிப் பக்கம் இரண்டு விழுக்காடு. பூமத்திய ரேகையிலிருந்து தள்ளிப் போகப் போக இந்த ஊதல் கூடும்.

ஐந்து விழுக்காடு என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஏரி ஆக்கிரமிப்புச் செய்தி எழுதுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். "200 ஏக்கர் ஏரி 190 ஏக்கராகச் சுருங்கிவிட்டது" என்று வாக்கியம் எழுதினால், சுருங்கியது ஏரியா, அளந்த முறை மாறியதா என்று யாராவது கேட்க வேண்டாமா? அதைவிட அடிப்படையான கேள்வி, எந்த ஏரி எல்லை என்பது. வருவாய்த் துறைப் பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்கு என்று சர்வே எண்களோடு இருக்கும் எல்லை ஒன்று. முழுக் கொள்ளளவுக்கு நீர் நின்றால் எதுவரை நிற்கும் என்று பொதுப்பணி, நீர்வளத் துறைகள் வைத்திருக்கும் மட்டம் இரண்டு. செயற்கைக்கோள் படம் எடுத்த அன்றைக்குத் தண்ணீர் எங்கே நின்றதோ அது மூன்று. மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் கிடையாது. மே மாதப் படத்தையும் டிசம்பர் மாதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "அன்றும் இன்றும்" என்று போட்டால் எந்த ஏரியும் காணாமல் போகும். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பாருங்கள், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்தபோது பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர் என்று எண் இருந்தது. அந்தப் பரப்பின் எல்லைக்கோடு தரையில் எந்தெந்த சர்வே எண்கள் வழியாகப் போகிறது என்பதில்தான் அங்கே கட்டடம் கட்டலாமா என்ற இத்தனை விவாதமும். பரப்பளவு எண்ணை வைத்துக்கொண்டு யாரும் எதையும் தடுக்க முடியாது, அனுமதி கொடுக்கவும் முடியாது, கோடு வேண்டும்.

கோடு கையில் இருந்தாலும் அது எந்த அளவுகோலில் வரைந்தது என்று பார்க்க வேண்டும். நில அளவைத் துறையின் பொதுவான தாள் 1:50,000, அதாவது தாளில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 50 மீட்டர். அதில் அரை மில்லிமீட்டர் தடிமனில் ஒரு எல்லைக்கோடு இருந்தால் அந்தக் கோட்டின் அகலமே 25 மீட்டர். கணினியில் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்பதால், அந்தக் கோட்டை வீடு வீடாகப் பெரிதாக்கி இந்த வீடு உள்ளே, அந்த வீடு வெளியே என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். கோடு தாங்காது.

வெள்ளச் செய்திகளில் இன்னொன்று. மழை கொட்டும்போது சாதாரண செயற்கைக்கோள் படத்தில் மேகம்தான் தெரியும். மேகத்தைத் தாண்டிப் பார்க்க ரேடார் வேண்டும், ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 இலவசமாகவே கொடுக்கிறது, அசையாத தண்ணீர் அதில் கறுப்பாகத் தெரியும். வயல்வெளிக்கு அருமையாக வேலை செய்யும். ஆனால் நெருக்கமான தெருக்களில் கட்டடச் சுவர்களில் பட்டு அலை திரும்பிவிடுவதால் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் தெருவும் காய்ந்த தெருவாகத் தெரியலாம். ரேடார் படத்தில் வேளச்சேரி கறுப்பாக இல்லை என்பதால் வேளச்சேரியில் தண்ணீர் இல்லை என்று ஆகிவிடாது. 2015 டிசம்பரில் ஊரே மிதந்தபோது தெரு அளவில் உதவியது, யாரும் சேர்த்துத் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின்மேல் தன்னார்வலர்களும் பொதுமக்களும் தண்ணீர் நிற்கும் தெருக்களைத் தாங்களே குறித்த வரைபடம்தான். அதே போல, எந்தப் பகுதி மூழ்கும் என்று காட்டும் படங்கள் பல, 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் பதினோரு நாள் சுற்றி எடுத்த உயரத் தரவிலிருந்து வருகின்றன. 30 மீட்டர் கட்டம், உயரத்தில் சில மீட்டர் பிழை, மரத்தின் உச்சியையும் மாடி வீட்டின் கூரையையும் தரை என்றே எண்ணும். மலைப் பகுதிக்கு அது போதும். கடலிலிருந்து நாலைந்து மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் தென்சென்னைக்கு அதே தரவை வைத்து "உங்கள் தெரு மூழ்குமா" என்று படம் போடுவது ஜோசியம். அதிலும் 2000இல் பழைய மாமல்லபுரம் சாலை எப்படி இருந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்குப் பிறகு எழுந்த கட்டடம் எதுவும் அந்தத் தரவில் கிடையாது.

தூரம் அளப்பதில்கூட இவ்வளவு எளிதில்லை. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, பின்னர் 20,000 பேர் வரை உள்ள ஊர்களுக்கு 220 மீட்டராகக் குறைத்தது. ஜிஐஎஸ்ஸில் இது பஃபர் என்ற ஒரே கட்டளை, சாலையைச் சுற்றி 500 மீட்டருக்குப் பட்டை வரைந்து உள்ளே விழும் கடைகளை எண்ணிவிடலாம். ஆனால் எதிலிருந்து 500? சாலையின் நடுக்கோட்டிலிருந்தா, வெளி விளிம்பிலிருந்தா? நம்மிடம் இருக்கும் சாலைத் தரவு அநேகமாக நடுக்கோடு மட்டும்தான், தீர்ப்பு சொன்னதோ வெளி விளிம்பு. நேர்க்கோட்டில் அளப்பதா, நடந்து போகும் வழியிலா? கேரளத்தில் ஒரு மதுக்கூடம் வாசலுக்கு முன்னால் வளைத்து வளைத்து நடைபாதை கட்டித் தூரத்தைக் கூட்டியது அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது, சிரித்தோம். இத்தனை கடைகள் மூடப்படும் என்று அந்த நாட்களில் ஆளாளுக்கு ஒரு எண் சொன்னார்களே, எதிலிருந்து எது வரை எப்படி அளந்தோம் என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னவர்கள் குறைவு.

இனி அரசுத் துறைகள். எந்த அலுவலகத்தில் வரைபடம் கேட்டாலும் பிடிஎஃப் வரும், அல்லது பிடிஎஃப்பை அச்செடுத்து, முத்திரை குத்தி, அதை மறுபடி ஸ்கேன் செய்து கோணலாக வரும். படமாகப் பார்க்கலாம், அதன்மேல் எதையும் வைத்துப் பார்க்க முடியாது. நாங்கள் அதில் நாலைந்து இடங்களை, சாலைச் சந்திப்பு, கோயில், பாலம் என்று பிடித்து, அவற்றின் உண்மையான ஆயத்தொலைவைக் கொடுத்துப் படத்தை இழுத்து உட்கார வைத்து, பிறகு கோட்டின்மேல் கோடு வரைந்து தரவாக மாற்றுகிறோம். ஒரு துறை கணினியில் தரவாக வைத்திருப்பதைப் படமாக்கித் தர, அதை நாங்கள் மறுபடியும் தரவாக்க, ஒவ்வொரு கட்டத்திலும் பத்து மீட்டர் தொலைகிறது, மக்கள் பணமும் தொலைகிறது. பட்டாவோடு கிடைக்கும் எஃப்எம்பி எனப்படும் புலப்படம் அதன் அளவில் நல்ல ஆவணம், கல்லுக்குக் கல் மீட்டர் கணக்கு உண்டு, இணையத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு புலத்தை அதற்குள்ளேயே கோடு இழுத்து அளந்த படம் அது, அந்தப் புலம் பூமியில் எங்கே என்று அந்தத் தாள் சொல்லாது.

2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அரசு வெளியிட்ட புவிசார் தரவு வழிகாட்டுதல்களில், பொதுப் பணத்தில் உருவான புவிசார் தரவு, பாதுகாப்பு தொடர்பானவை நீங்கலாக, இந்தியர்களுக்கு எளிதில் கிடைக்க வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஒரு தனி ஆள் போய் இதைச் சொன்னால் எழுத்தர் சிரிப்பார். ஒரு நாளிதழ் கேட்டால் அப்படிச் சிரிக்க முடியாது. வார்டு மறுவரையறை, நீர்நிலை எல்லை, பேருந்து வழித்தடம், அரசுப் பள்ளிகளின் இடம், இந்த நான்கையும் தரவுக் கோப்பாகத் தாருங்கள் என்று உங்கள் நிருபர்கள் ஒவ்வொரு துறையிலும் எழுதிக் கேட்க வேண்டும். மறுத்தால் மறுத்ததையே செய்தியாகப் போடுங்கள்.

கிடைக்கும்போது தமிழுக்காக ஒன்று பார்த்து வாங்குங்கள். அரசு அலுவலகங்களில் இன்றும் ஓடுவது ஷேப்ஃபைல் என்ற பழைய முறை. அதில் அட்டவணையின் பத்தித் தலைப்புக்குப் பத்து பைட்தான் இடம், எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு யுடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் போய்விடும், ஆக "கிராமம்" என்ற சொல்கூட முழுசாக நுழையாது. உள்ளே இருக்கும் தமிழ்ப் பெயர்களும், கூட ஒரு சின்னத் துணைக்கோப்பு வராவிட்டால், கேள்விக்குறிகளாக மாறி நிற்கும். பலரும் இதற்குப் பயந்தே எல்லாப் பெயரையும் ஆங்கிலத்தில் போட்டுவிடுகிறார்கள், அப்புறம் மேலே சொன்ன எழுத்துக்கூட்டல் கூத்து. ஜியோபேக்கேஜ் என்ற முறையில் கேட்டால் இந்தத் தொல்லை இல்லை, தமிழ் தமிழாகவே வரும், எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும்.

உங்களிடம் கேட்பது அதிகம் இல்லை. வரைபடம் போடும் இடமெல்லாம் கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி: எண்கள் எந்த ஆண்டு, யாருடையவை, எல்லைகள் எந்த ஆண்டு, யாருடையவை. செயற்கைக்கோள் படம் என்றால் எடுத்த தேதி. ஏரி என்றால் மூன்றில் எந்த எல்லை. வரைந்தவர் பெயரையும் போடுங்கள், புகைப்படக்காரர் பெயர் போடுவது போல. அச்சில் இடம் இல்லை என்றால் இணையப் பதிப்பில் தரவுக் கோப்பையே வைத்துவிடுங்கள், தப்பு இருந்தால் என்னைப் போல வேலை மெனக்கெட்டவர்கள் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள்.

உங்கள் வரைகலைப் பிரிவினருக்குப் புதுச் செலவு எதுவும் கிடையாது. க்யூஜிஐஎஸ் 2002இலிருந்து வளர்ந்து வரும் இலவச மென்பொருள், சாதாரண மடிக்கணினியில் ஓடும். நான் சொன்ன எல்லாவற்றையும் அதிலேயே செய்யலாம், மாவட்டப் படத்துக்கு நிறம் அடிப்பது முதல் நாள் பாடம். அடிப்படமாக ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை எடுத்துக்கொண்டால் ஓரத்தில் "ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்" என்று போட்டாக வேண்டும், அது மரியாதைக்காகச் சொல்வது இல்லை, உரிமத்தின் நிபந்தனை. கடந்த மழைக்கு வந்த படங்களில் அதையும் காணோம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்,
திண்டுக்கல்